நாடாவில் கோத்த மோதிரம்

கை மறுபடியும் இடுப்புக்குப் போய்விட்டது. போகக்கூடாது என்று ஓவியா படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினாள், "அம்மா, எதை எங்க ஒளிச்சு வெச்சிருக்கியோ அந்த இடத்தை மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்க்காதே, திருடன் உன் பையைப் பார்க்க மாட்டான், உன் கையைத்தான் பார்ப்பான்" என்று. டப்ளினில் பேருந்து கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் இது ஐந்தாவது தடவை. இந்திராணி வலது கையை இழுத்து மடியில் போட்டு, ஓடப்பார்க்கிற கோழியை அமுக்குவதுபோல இடது கையால் அமுக்கிக்கொண்டாள். இருக்கிறது. வலது இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, சல்வார் நாடா ஓடுகிற மடிப்புக்குள், சுண்டைக்காய் அளவில் ஒரு மேடாக இருக்கிறது. எங்கே போய்விடும்? நாடாவை உருவாமல் அதை எடுக்க எந்த ஊர்த் திருடனாலும் ஆகாது, நாடாவை உருவுகிறவரைக்கும் இவள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கப்போவதும் இல்லை. மேல்சட்டைக்குள் கழுத்திலிருந்து தொங்குகிற சுருக்குப்பையில் பாஸ்போர்ட். கைப்பையில் திருடனுக்கென்றே வைத்த பொய்ப் பர்ஸ், அதில் காலாவதியான ஒரு கார்டு. யாராவது பிடுங்க வந்தால் அதைக் கொடுத்துவிட்டு ஓடு என்பது ஓவியாவின் ஏற்பாடு. முதுகுப்பை ஒன்றுதான் கையை விட்டுப் போய்விட்டது. மடியிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று இவள் கெஞ்சக் கெஞ்ச ஓட்டுநர் சிரித்தபடி அதை வாங்கிப் பேருந்தின் வயிற்றுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். போனால் போகட்டும், அதில் என்ன இருக்கிறது, இரண்டு சுடிதார், ஒரு ஸ்வெட்டர், பழைய தோழி எப்சிபாவுக்குக் கொண்டுவந்த சாத்தூர் சேவு. அது தொலைந்தால் வேறு வாங்கலாம். இது தொலைந்தால் அவ்வளவுதான். இது கால்வே போய்ச் சேர வேண்டும், அங்கே எப்சிபாவின் கையில் சேர வேண்டும். இன்னும் இரண்டரை மணி நேரம். முப்பத்தொரு வருடம் காபந்து பண்ணியதை இரண்டரை மணி நேரம் பண்ண முடியாதா. இந்த வேடிக்கையை யாரிடம் சொல்லிச் சிரிப்பது, தான் திருடிய மோதிரம் திருட்டுப் போய்விடக்கூடாதே என்று ஒருத்தி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஐம்பத்து மூன்று வயதில் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிய அம்மாவைப் பார்த்து ஓவியாவுக்கு ஒரே கொண்டாட்டம். இங்கிலாந்தில் தன் வீட்டுக்கு இரண்டு மாதம் இருக்க வந்தவள், வந்த பத்தாவது நாள் "அயர்லாந்து பார்க்கணும்போல இருக்கு பாப்பா, நான் மட்டும் போய்ட்டு வரட்டுமா" என்று கேட்டால் எந்த மகளுக்குத்தான் வாய் பிளக்காது. தன்னுடைய பழைய முதுகுப்பையை எடுத்துக் கொடுத்தாள், ஜிப்புக்கு ஜிப் சின்னப் பூட்டு மாட்டினாள், விடுதியில் எட்டுக் கட்டில் இருக்கும், கட்டிலுக்கு அடியில் பெட்டி இருக்கும், நீ உன் பூட்டைப் போட்டுப் பூட்டணும், குளிக்கப் போனாலும் பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு உள்ளேயே கொண்டுபோகணும் என்று பாடம் நடத்தினாள். கூடத்தில் ஒத்திகைகூட நடந்தது. "நான் திருடி, நீ டூரிஸ்ட், நட பார்க்கலாம்" என்று சொல்லிப் பின்னால் வந்து மூன்று முறை இவள் கைப்பையிலிருந்து பர்ஸை எடுத்துக் காட்டினாள். "பார்த்தியா, உனக்கு ஒண்ணும் தெரியல. நீ ரொம்ப அப்பாவிம்மா." இந்திராணியும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது. பொருளை ஒளித்துவைப்பதில் தன் அம்மாவுக்கு இருக்கிற அனுபவம் அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும். அரிசி டிரம்மின் அடியில் ஒரு வருடம். மாமியார் வந்து தங்கிய காலத்தில் தையல் மிஷினுக்குள், எண்ணெய்த் துணியில் சுற்றி. வீடு மாறிய ஒவ்வொரு முறையும் ஊறுகாய் ஜாடியின் துணிக்கட்டுக்குள், மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டோவில். கட்டிய புருஷனுக்குத் தெரியாது, மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் கண்ணை மூடினார், அப்போதும் தெரியாமலேதான் போனார். விற்கவும் இல்லை, போட்டுக்கொள்ளவும் இல்லை, அழிக்கவும் இல்லை. கிணறு இருந்தது, ஆறு இருந்தது, வீசியிருக்கலாம். வீசினால் தான் திருடி என்பது முடிந்த முடிவாகிவிடும் என்று ஒரு பயம். கையில் இருக்கிறவரைக்கும் திருப்பிக் கொடுக்க இன்னும் நேரம் இருக்கிறது. ஒரே ஒரு முறை ஓவியா கண்டுபிடித்துவிட்டாள். ஐந்து வயது. தையல் மிஷினைக் குடைந்து எடுத்துத் தன் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு "அம்மா, சிவப்புக் கல்லு" என்று ஓடிவந்தாள். இந்திராணி அறைந்த அறையில் குழந்தை சுவரில் போய் விழுந்தது. அந்தப் பெண்ணை அடித்தது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ஓவியாவுக்கு இப்போது நினைவிருக்குமா. கேட்டதில்லை. கேட்டால் எதற்கு அடித்தாய் என்று அவள் திருப்பிக் கேட்பாள்.

வெளியே தூறல். பச்சை, பச்சை, மறுபடி பச்சை, நடுவில் நனைந்துகொண்டு மேய்கிற ஆடுகள், அவற்றுக்குக் காவலாக ஓர் ஆளைக்கூடக் காணோம். இப்படி விட்டுவைத்தால் எங்கள் பக்கம் சாயங்காலத்துக்குள் பாதி ஆடு காணாமல் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்து முடிப்பதற்குள் அந்த வாசனை வந்தது. கற்பூரம். இங்கே எப்படி. பக்கத்து இருக்கையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி சின்ன நீலப் புட்டியைத் திறந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இவள் பார்ப்பதைப் பார்த்து, மழை வந்தால் இந்த மூட்டு இப்படித்தான், மன்னிக்கணும், வாசனை தொந்தரவா என்று கேட்டாள். இல்லை இல்லை என்று தலையாட்டிவிட்டு இந்திராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தைலம்தான். தைலம் என்று தெரிந்த பிறகும் உள்ளங்கை எரிந்தது. மதுரையில் ரயில்வே காலனிப் பக்கம் இருந்த பெண்கள் விடுதி அது, மாடியில் மூன்றாம் அறை, நான்கு கட்டில். இந்திராணி மோட்டார் பம்பு கம்பெனியில் டைப்பிஸ்ட். எப்சிபா நர்ஸ் பயிற்சி, நாசரேத் பக்கத்துப் பெண். சியாமளாவுக்கு அப்போதுதான் நிச்சயம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, துவைக்கிற கல்லின் ஓரத்தில் நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு சியாமளா சொட்டு நீலம் எடுக்க உள்ளே போனாள். போட்டுப் பார்க்கலாம் என்றுதான் இந்திராணி எடுத்தாள். யாரும் நம்ப மாட்டார்கள், இவளே பல வருடம் நம்பவில்லை, ஆனால் நடந்தது அவ்வளவுதான். போட்டது கழலவில்லை. உள்ளேயிருந்து "ஏய், என் மோதிரத்தை யாராச்சும் பாத்தீங்களாடி" என்று குரல் வந்தது. "இதோ இருக்கு" என்று சொல்ல வேண்டும். இரண்டு சொல். அதைச் சொல்ல ஒரு நிமிடம் இருந்தது, அப்புறம் அரை நிமிடம் இருந்தது, அப்புறம் சியாமளா அழ ஆரம்பித்துவிட்டாள், அவள் அழ ஆரம்பித்த பிறகு எப்படிச் சொல்வது, ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்பார்களே. இந்திராணி குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மஞ்சள் பார் சோப்பைப் போட்டுத் தேய்த்துக் கழற்றினாள், கழற்றியதை அந்த ஈரச் சோப்புக்குள்ளேயே அழுத்தி மேலே பூசி மெழுகினாள். பெட்டிகளையெல்லாம் கொட்டிக் கவிழ்த்த வார்டன் கமலவேணி சோப்பை மட்டும் பார்க்கவில்லை. மறுநாள் மாலை கூடத்தில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினாள். பிள்ளையார் படம், பித்தளைத் தட்டு, அதில் கற்பூரம். "போலீசுக்குப் போனா உங்க பேருதான்டி நாறும். ஒவ்வொருத்தியா வந்து கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணிட்டுப் போங்க. பொய்ச் சத்தியம் பண்ணினவ கை அழுகிப்போகும்." ஆறாவதாக இந்திராணி. "நான் எடுக்கல" என்றாள், தட்டில் அடித்தாள், அணைந்தது. சூடுகூட அதிகம் இல்லை. அடுத்தது எப்சிபா. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். "மேடம், நான் எடுக்கல. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். எங்க வேதத்துல எதும்மேலயும் சத்தியம் பண்ணக்கூடாதுன்னு இருக்கு. எடுக்கலன்னு சொல்லுதேன், அவ்வளவுதான்." கூடம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. பதினேழு பெண்களில் பதினாறு பேர் அணைத்தார்கள், ஒருத்தி அணைக்கவில்லை, இதற்குமேல் என்ன ருசு வேண்டும்.

கை அழுகவில்லை. அழுகியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், கணக்கு அன்றோடு தீர்ந்திருக்கும். அது அழுகாமல் காத்துக்கொண்டே இருந்தது. முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போனது. அப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து வலது உள்ளங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், இதுதான் இதுதான் என்று. ஓவியாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது இதுதான். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது இதுதான். ஊரில் எல்லா வீட்டிலும் பிள்ளை தவறுகிறது, காமாலை வருகிறது, ஆட்கள் சாகிறார்கள், அவர்கள் எல்லோருமா பொய்ச் சத்தியம் பண்ணினார்கள் என்று பகலில் தனக்குத்தானே வக்கீலாக நின்று வாதாடுவாள். கோயிலில் தீபாராதனைத் தட்டு அவளிடம் வரும்போது எல்லோரும் இரண்டு கையால் ஒற்றிக்கொள்ள இவள் இடது கையை மட்டும் நீட்டி, பக்கத்தில் இருப்பவர்கள் முறைப்பதைப் பார்த்து அவசரமாக வலது கையையும் சேர்த்துக்கொள்வாள். அந்த நேரத்தில் தட்டில் இருக்கிற நெருப்பு தன்னை அடையாளம் கண்டுகொண்டு ஒரு பக்கமாகச் சாய்வதுபோல இருக்கும். கிழவி புட்டியை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வாசனை போகவில்லை.

பேருந்து நின்றது. ஆத்லோன், ஐந்து நிமிடம் என்று ஓட்டுநர் அறிவித்துவிட்டு இறங்கினார், வயிற்றுக் கதவைத் திறக்கிற சத்தம் காலுக்கடியில் கேட்டது. இந்திராணி கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக் கீழே பார்த்தாள். ஒருவர் நீலப் பெட்டியை எடுத்தார், சரி. ஒருத்தி தள்ளுவண்டியை எடுத்தாள், சரி. சிவப்பு முடி, இருபது வயசு இருக்கும், ஒரு பெண் குனிந்து அரக்கு நிறத்தில் ஒரு முதுகுப்பையை இழுத்துத் தோளில் மாட்டினாள். அரக்கு. மேல் ஜிப்பில் சின்னப் பூட்டு. போனால் போகட்டும் என்று ஒரு மணி நேரத்துக்கு முன்னால் பெருந்தன்மையாகச் சொன்னவள் கிழவியின் முழங்காலைத் தாண்டி, படியில் தடுக்கி, தூறலில் இறங்கி, "ஏய், அது என்னுது! என் பை!" என்று தமிழிலேயே கத்தினாள். கத்தியதோடு நிற்காமல் பையின் வாரைப் பிடித்தும் இழுத்துவிட்டாள். பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். பாஷை புரியாவிட்டால் என்ன, என்ன சொல்கிறாள் என்று அத்தனை பேருக்கும் புரிந்தது. அந்தப் பெண்ணுக்குக் காதிலிருந்து கழுத்துவரை சிவந்துகொண்டே போனது. பையை இறக்கித் தரையில் வைத்து, பூட்டைத் திறந்து, ஈரத் தரையிலேயே உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். ஒரு புத்தகம், ஒரு காலுறை, பல் தேய்க்கிற பிரஷ். யாரும் காட்டச் சொல்லவில்லை, அவளாகவே காட்டினாள். ஓட்டுநர் உள்ளே கையை விட்டு, சேவு பொட்டலம் துருத்திக்கொண்டிருந்த இன்னொரு அரக்குப் பையைக் காட்டி, அம்மா உங்களுடையது இதோ பத்திரமாக இருக்கிறது என்றார். சாரி, சாரி, சாரி என்றாள் இந்திராணி. பரவாயில்லை என்று அந்தப் பெண் சொன்னாள், எல்லாவற்றையும் வாரிப் போட்டுக்கொண்டு ஜிப்பைக்கூட முழுக்க மூடாமல் வேகமாகப் போனாள். எதற்கு அப்படி ஓடுகிறது இந்தப் பெண், தப்பு செய்தவளா அவள்.

எப்சிபாவும் அப்படித்தான் பெட்டியைத் தானே திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தாள். பாவாடை, நர்ஸ் தொப்பி, வேதப்புத்தகம். புத்தகத்தைப் பிடித்து உதறியும் காட்டினாள். பேருந்து கிளம்பி ஏதோ பெரிய ஆற்றைத் தாண்டியது. கிழவி ஒரு மிட்டாயை நீட்டினாள், நடக்கிறதுதான் கண்ணு, விடு என்பதுபோல் ஏதோ சொன்னாள், இந்தக் கிழவியிடம் சொல்லிவிடலாமா, நான்தான் திருடி, என்னிடம் ஜாக்கிரதையாக இருங்கள் என்று. கண்ணாடியில் மழைத்தாரைக்கு அந்தப்பக்கம் குடையைக் கையில் மடக்கிப் பிடித்தபடி வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நிற்பது தெரிந்தது. பார்த்தால் சாலையோரத்துக் கம்பம். எப்சிபாவின் அப்பா அப்படித்தான் வந்தார், உபதேசியார், சின்ன ஊர்க் கோயிலில் பாட்டும் ஜெபமும் நடத்துகிறவர். வார்டன் உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை, அவர் உட்காரவும் இல்லை. பொருளுக்கு உண்டானதைக் கொடுத்தால் ஸ்டேஷன் வரைக்கும் போகாது என்றாள் கமலவேணி. அடுத்த வாரம் அவர் கொண்டுவந்து கொடுத்தார். சைக்கிளை விற்றாராம், இரண்டு ஆட்டை விற்றாராம், எப்சிபா பிறகு சொல்லித்தான் தெரியும். கொடுத்ததை வாங்கிக்கொண்டு சியாமளா வீட்டில் வேறு மோதிரம் செய்துகொண்டார்கள், அவள் கல்யாணமாகிப் போய் மூன்று பிள்ளைகள் பெற்றுச் சௌகரியமாக இருக்கிறாள். ஆக இந்த மோதிரம் சியாமளாவுடையது இல்லை. காசு கொடுத்தவர் அவர். கண்ணால் பார்க்காமலே, தொடாமலே, ஒரு மோதிரத்தை முழு விலை கொடுத்து வாங்கியவர். இதை யோசித்துக் கண்டுபிடிக்க இந்திராணிக்கு இருபது வருடம் ஆயிற்று. எப்சிபா விடுதியை விட்டுப் போன அன்று ஒருத்தி கூட அறையை விட்டு வெளியே வரவில்லை. இந்திராணி மட்டும் அப்பாவுக்கும் மகளுக்கும் பின்னால் அவளுடைய தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம்வரை போனாள். அறையில் விட்டுப்போகப் பயந்து மோதிரத்தைப் பாவாடை நாடாவில் முடிந்திருந்தாள், நடக்க நடக்க அது இடுப்பில் உரசியது. ஜன்னல் வழியாக எப்சிபா கையை நீட்டி இவள் கன்னத்தைத் தொட்டாள்.

அதுதான் வினையாகப் போயிற்று. முகநூலில் தேடிக் கண்டுபிடித்து, அயர்லாந்து பார்க்க வருகிறேன், உன்னைப் பார்க்கலாமா என்று நடுங்கி நடுங்கி இரண்டு வரி எழுதிப் போட்டால் பதிலுக்குக் குரலே வந்தது. "ஏட்டி இந்திரா! எப்படிட்டி இருக்கே? ஓட்டல்லயெல்லாம் தங்காதே, நேரா வீட்டுக்கு வா. அந்த ஆஸ்டல்ல என்னய நம்புன ஒரே ஆளு நீதாம்ட்டி. எம் பிள்ளைகள்ட்டயெல்லாம் சொல்லியிருக்கேன், எல்லாரும் திருடின்னு சொன்னப்ப ஒருத்தி எம் பெட்டியத் தூக்கிட்டு வந்தான்னு." நாற்பது தடவை கேட்டிருப்பாள். ஓவியா வேலைக்குப் போன பிறகு, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு. நம்பினாளாம். நம்பாமல் என்ன, அவள் எடுக்கவில்லை என்று இந்த உலகத்தில் எப்சிபாவைத் தவிர நிச்சயமாகத் தெரிந்த இன்னொரு ஆள் இந்திராணிதானே. இப்போது போய் இதைக் கொடுத்தால் மோதிரம் அவளுக்குக் கிடைக்கும், அந்த ஒருத்தி போய்விடுவாள். முப்பத்தொரு வருடமாக அவள் பத்திரமாக வைத்திருந்தது அந்த ஒருத்தியைத்தான். கொடுப்பதுதான் இரண்டாவது திருட்டு. கொடுக்காமல் இருந்தால்? சேவைக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டால்? அவள் சோறு போடுவாள், இன்னும் கொஞ்சம் சாம்பார் என்பாள், பிள்ளைகள் வந்து இந்த ஆன்ட்டிதானா அது என்று பார்ப்பார்கள். அந்தச் சோறு எப்படித் தொண்டையில் இறங்கும். பேசாமல் யாராவது அடித்துக்கொண்டு போயிருக்கக்கூடாதா. டப்ளின் விடுதியில் ஏழு பேர் தூங்கினார்கள், ஏழு பேரும் நல்லவர்களாக இருந்து தொலைத்தார்கள்.

பேருந்தின் பின்பக்கம் கழிவறை இருந்தது. இந்திராணி போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ஆடுகிற வண்டியில், ஒரு தோளைச் சுவரில் முட்டுக் கொடுத்துக்கொண்டு, நாடாவின் முடிச்சை அவிழ்த்து ஒரு முனையை இழுத்தாள், இழுக்க இழுக்க மோதிரம் மடிப்புக்குள்ளிருந்து நகர்ந்து வந்து உள்ளங்கையில் விழுந்தது. சிவப்புக் கல் மங்கவே இல்லை. போட்டுப் பார்த்தாள், மோதிரவிரலின் முதல் கணுவோடு நின்றுவிட்டது. அன்றைக்கு மட்டும் இந்த விரல் இத்தனை பருமனாக இருந்திருந்தால். இந்த ஓட்டைக்குள் போட்டுத் தண்ணீரைத் திறந்தால் போதும். அல்லது கைகழுவுகிற தொட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போகலாம், மறந்துபோய் வைத்துவிட்டதாகத் தானே நம்பலாம். வைத்தும்விட்டாள். ஓரத்தில் வைத்து, கையை எடுத்து, ஒரு மூச்சு விட்டாள். அப்புறம் இந்தக் கழிவறையைக் கழுவ யாரோ ஒருத்தி வருவாளே என்று தோன்றியது. அவள் எடுப்பாள், அல்லது எடுக்காமல் இருப்பாள், எப்படியிருந்தாலும் யாராவது அவளைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்பார்கள். இந்திராணி மோதிரத்தை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். நாடா இதற்குள் மடிப்புக்குள் பாதி ஓடி மறைந்திருந்தது. சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி நாடா முனையில் குத்தி, நெளிநெளி என்று நெளித்துக் கோத்து எடுப்பதற்குள் வியர்த்துவிட்டது, வெளியே யாரோ இரண்டு முறை கதவைத் தட்டினார்கள். மோதிரத்தை மறுபடி கோக்கவில்லை. கைக்குள் வைத்து மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஓவியா சொன்னதற்கெல்லாம் நேர் விரோதம், எவனும் கையை விரித்துப் பிடுங்கலாம். எப்சிபா வீட்டு வாசற்படி ஏறுவதற்கு முன்னால், ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிப்பதற்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். இதை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டாள். வேறு எதையும் நினைக்கப் பயமாக இருந்தது.

கால்வே. கண்ணாடிக்கு வெளியே எப்சிபா நின்றாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், முழுக்க நரை, மழைச்சட்டை, மூக்குக் கண்ணாடி, ஆனாலும் நிற்கிற நிலையில் தெரிந்துவிட்டது. இந்திராணி கடைசிப் படியில் காலை வைப்பதற்குள் வந்து கட்டிக்கொண்டாள். "ஏட்டி, எம்புட்டு நாளாச்சு! குளிருதா? பிள்ளைக கார்ல இருக்குதுக. மீன்குழம்பு வெச்சிருக்கேன், நீ மீன் திம்பேல்லா?" அவள் தோளில் ஆஸ்பத்திரி வாசனை. இந்திராணி பிடியிலிருந்து விலகி, அவளுடைய வலது கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையில் வைத்தாள்.

எப்சிபா கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். "இது... இது சியாமளா மோதிரம்லா?"

"இல்ல எப்சி. உன்னோடது. உங்க அப்பா காசு கொடுத்தாரே, அது. நான்தான் எடுத்தேன். அன்னிக்கு உன் பெட்டியைத் தூக்கிட்டு வந்தேனே, அப்பவும் என்கிட்டதான் இருந்துச்சு."

அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்று கன்னத்தைக்கூடக் கொஞ்சம் நீட்டினாள். எப்சிபா அடிக்கவில்லை, கத்தவில்லை. மோதிரத்தை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, உள்பக்கம், வெளிப்பக்கம், கல் என்று நர்ஸ்கள் மருந்துப் புட்டியைப் பார்க்கிற நிதானத்தோடு பார்த்தாள். சுற்றிலும் ஆட்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனார்கள். மழை அவள் நரைமுடியில் சின்னச் சின்னதாக நின்றது.

"அப்பா என்னைக் கேக்கவே இல்லட்டி" என்றாள். யாரிடமோ பேசுகிற குரல். "எடுத்தியா, எடுக்கலியான்னு ஒரு வார்த்தை கேக்கல. பணத்தக் கட்டுனாவ, என்னயக் கூட்டிட்டுப் போனாவ, வேற காலேஜுல சேத்துவிட்டாவ. கேட்டா சொல்லலாம்னு நானும் இருந்தேன். கேக்காம நானா எப்படிச் சொல்ல? சொன்னா எடுத்தவ சொல்லுத மாதிரில்லா இருக்கும். பதினோரு வருசம் அப்படியே போச்சு. சாவக் கெடக்கும்போது என் கையப் பிடிச்சுக்கிட்டு, ஆண்டவர் எல்லாத்தையும் மன்னிச்சிருவாரு, நீ பயப்படாதன்னாவ."

இந்திராணி அவளைத் தொட நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"நான் சரிப்பான்னேன். அவுக நிம்மதியாப் போகணும்லா. எடுக்காததுக்கு மன்னிப்ப வாங்கிக்கிட்டு, சரிப்பான்னேன்." எப்சிபா மோதிரத்தைப் பிடித்திருந்த கையை இவள் முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "இப்ப இத நான் யாருட்டக் கொண்டு காட்ட? சொல்லு."

கேட்டுவிட்டு, இந்திராணி சொல்வாள் என்று உண்மையாகவே காத்திருந்தாள்.